மடல் இழை: ‘கான்செப்ட் கார்’ – தமிழில் என்ன பெயர்?

தேவகோட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து கணினியில் ஆடும் கார் பந்தய விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். செட்டிநாட்டில் இருக்கும் உலகப் போர்க் காலத்துப் பழைய விமான ஓடுதளத்தையும் கானாடுகாத்தான் தெருக்களையும் பந்தயப் பாதையாக வரைந்திருக்கிறோம். திரையில் வரும் எழுத்தெல்லாம் தமிழில்தான் என்பது முதலிலேயே எடுத்த முடிவு. ‘தொடங்கு’, ‘சுற்று’, ‘வண்டியைத் தேர்ந்தெடு’ வரைக்கும் சிக்கல் இல்லை. வண்டிப் பட்டியலில் ஒரு வகைக்குத்தான் பெயர் அமையவில்லை. எந்தக் கம்பெனியும் விற்காத, இந்த விளையாட்டுக்காகவே நாங்கள் வடிவமைத்த மின்சார ஸ்போர்ட்ஸ் கார் அது. ஆங்கிலமாக இருந்தால் கான்செப்ட் கார் என்று போட்டுவிட்டுப் போயிருப்போம். தமிழில் என்ன போடுவது? பொத்தானுக்குள் அடங்க வேண்டும், அதனால் சின்னச் சொல்லாக இருந்தால் நல்லது.

கோட்டையூரிலிருந்து:

தம்பி, இதற்கு ஏன் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும்? கான்செப்ட் என்பதற்குக் கருத்துரு இருக்கிறது, காருக்கு மகிழுந்து இருக்கிறது. கருத்துரு மகிழுந்து. நீளம் என்று தோன்றினால் கருத்துக்கார் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றைச் செய்வதற்கு முன்னால் கையில் இருப்பதைப் பயன்படுத்துவதுதான் முறை.

காரைக்குடியிலிருந்து:

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். விளையாட்டுகளுக்கு வண்டி வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருத்துக்கார் வேண்டாம் ஐயா. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எதற்கெடுத்தாலும் கருத்துச் சொல்கிற ஆள் யாரோ வருகிறார் என்றுதான் காதில் விழும். கருத்துரு என்பதற்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. அரசு அலுவலகங்களில் கருத்துரு என்றால் ஒப்புதல் கேட்டு மேலே அனுப்புகிற தாள். பள்ளிக்குக் கட்டடம் வேண்டும், ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று கருத்துரு போகும், பதில் வரும் அல்லது வராது.

கார்க் கம்பெனிகள் கண்காட்சியில் நிறுத்துகிற வண்டிக்கு இந்தப் பொருள் நன்றாகவே பொருந்தும், அதை மறுக்கவில்லை. 1938இல் ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி எர்ல் செய்த பியூக் ஒய்-ஜாப்தான் இந்த வகையில் முதல் வண்டி என்று பொதுவாகச் சொல்வார்கள். மூடிக்குள் மறைகிற முகப்பு விளக்கெல்லாம் அதில் உண்டு. விற்பதற்காகச் செய்ததல்ல, இப்படி ஒரு வடிவத்தை ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்தது. மேடையில் நிற்கிற வண்டி ‘என்னைச் செய்யலாமா?’ என்று கேட்கிறது. ஆக, அது கருத்துருதான். அது தேறி, சாலையில் ஓட்டிச் சோதித்துப் பார்க்கும் கட்டத்துக்கு வந்தால் முன்மாதிரி. இந்த இரண்டு சொல்லையும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

விளையாட்டுக்கென்று பிறக்கிற வண்டி யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. 2010இல் வந்த கிரான் டூரிஸ்மோ 5 விளையாட்டுக்காக, அதை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி, ஃபார்முலா 1 வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியிடம் போனார். விதிமுறை எதுவுமே இல்லையென்றால் மிக வேகமான பந்தயக் கார் எப்படி இருக்கும் என்பது கேள்வி. வந்த விடைதான் ரெட் புல் எக்ஸ்2010. சக்கரங்களும் ஓட்டுநர் இருக்கையும் மூடியிருக்கும். அடியிலிருக்கும் காற்றை உறிஞ்சிப் பின்னால் தள்ள ஒரு விசிறி. அடியில் அழுத்தம் குறைந்தால் மேலிருக்கும் காற்று வண்டியைத் தரையோடு அமுக்கும், திருப்பத்தில் டயர் விடாது. இது நியூவி புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1970இல் சாப்பரல் 2ஜே என்ற நிஜப் பந்தயக் காரில் விசிறி இருந்தது, தடை செய்தார்கள். 1978 ஸ்வீடன் கிராண்ட் பிரீயில் பிராபம் பிடி46பி விசிறியோடு ஓடி ஜெயித்தது, அதற்கு அப்புறம் அதுவும் பந்தயத்துக்கு வரவில்லை. சட்டம் விரட்டிய யோசனை விளையாட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது.

2013இல் கிரான் டூரிஸ்மோ 6 வந்தபோது இதையே பெரிய அளவில் செய்தார்கள். ‘விஷன் கிரான் டூரிஸ்மோ’ என்று பெயர் வைத்து, கார்க் கம்பெனிகளையே கூப்பிட்டு, எங்கள் விளையாட்டுக்கு என்று ஒரு வண்டி வடிவமைத்துக் கொடுங்கள் என்றார்கள். மெர்சிடிஸ் முதலில் கொடுத்தது. 2014இல் செவர்லே கொடுத்த சாப்பரல் 2எக்ஸில் ஓட்டுநர் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டுவார், வண்டியை முன்னே தள்ளுவது லேசர் ஒளித் துடிப்பு. அதற்குக் கருத்துரு என்று பெயர் வைத்தால் எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது?

சரி, அப்படியென்றால் மனம்போனபடி வரைந்துவிடலாமா? இங்கேதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தவறாக நினைக்கிறார்கள். நிஜக் காருக்கு உள்ள கெடுபிடிகளில் பாதி இங்கே இல்லை. முகப்பு விளக்கு எந்த உயரத்தில் இருக்க வேண்டும், மோதினால் பாதசாரிக்கு என்ன ஆகும், தகட்டை அச்சில் அழுத்தி எடுக்க முடியுமா, விலை என்ன, எதுவும் கிடையாது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. எடை எவ்வளவு, அது முன்னும் பின்னும் எப்படிப் பிரிகிறது, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எத்தனை உயரம், எந்தச் சுழற்சியில் எவ்வளவு முறுக்குவிசை, டயர் எதுவரை தாங்கும் என்று எண்களைக் கொடுக்காவிட்டால் விளையாட்டின் இயற்பியல் நிரலுக்குள் வண்டி நகராது. காற்றின் அமுக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல் இருநூறில் நான்கு மடங்கு. தம்பியின் வண்டிக்குப் பின்னால் பெரிய இறக்கை வைத்திருக்கிறார்கள், பார்க்க ஜோர். ஆனால் முன்பக்கம் ஒன்றும் இல்லை. வேகம் ஏற ஏறப் பின்பக்கம் மட்டும் அமுங்கி, முன்சக்கரம் பிடிப்பு இழந்து, திருப்பத்தில் நேராகப் போய்த் திண்ணையில் ஏறும். இறக்கையைக் கொஞ்சம் சின்னதாக்கி, முன்னால் ஒரு காற்றுத் தடுப்பு உதடு வையுங்கள் தம்பி.

வடிவத்திலும் தனிக் கணக்கு இருக்கிறது. ஆட்டக்காரர்களில் நிறையப் பேர் வண்டிக்குப் பின்னாலிருந்து பார்க்கிற கோணத்தில்தான் ஓட்டுவார்கள். பந்தயம் முழுக்க அவர்கள் கண்ணில் படுவது வண்டியின் பின்புறம், மூஞ்சியை அநேகமாகத் தேர்வுத் திரையில் மட்டும்தான் பார்ப்பார்கள். நான் பின்விளக்குகளுக்கும் இறக்கைக்கும் கொடுக்கிற நேரத்தை முகப்புக்குக் கொடுப்பதில்லை. சக்கரத்தை முழுசாக ஒடித்து, பள்ளத்தில் இறக்கிப் பார்க்கவும் வேண்டும். கணினியில் இரும்பும் இல்லை ரப்பரும் இல்லை, டயர் மட்கார்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும். கணினியில் வண்டியின் உடம்பு சின்னச் சின்னப் பலகோணங்களைக் கோத்த வலைதான். தூரத்தில் போகும்போது காட்ட, அந்தப் பலகோணங்களைக் குறைத்த நகல்கள் சில செய்ய வேண்டும். அந்த நகலிலும் நிழலுருவைப் பார்த்ததும் இன்ன வண்டி என்று தெரிய வேண்டும். மேற்பரப்பு எல்லாவற்றையும்விடப் படுத்தும். நம் ஊர்த் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகை மேல் வார்ப்பதால்தான் அதற்கு வழவழப்பு. அந்தக் கல்லுக்குக் கண்ணாடிப் பலகை எப்படியோ, வண்டிக்கு அந்தப் பலகோண வலை அப்படி. அதில் ஒரு முடிச்சு நெருங்கியிருந்தால் போதும், கதவில் பிரதிபலிக்கிற தெரு நெளிந்துபோகும்.

இத்தனை வேலையும் நடக்கிறது, கடைசியில் வண்டி என்று ஒன்று வெளியே எங்கும் இல்லை. செய்தல், கற்பனை செய்தல் இரண்டையும் ஒரே வினையால் சொல்ல வேண்டும் என்று தேடினால் தமிழில் ‘புனை’ இருக்கிறது. மாலை புனைகிறோம், கவிதை புனைகிறோம், வேடம் புனைகிறோம், புனைகதை எழுதுகிறோம். நெடுநல்வாடையில் நகை களைந்து கிடக்கும் அரசியைப் ‘புனையா ஓவியம்’ போல இருந்தாள் என்று நக்கீரர் சொல்கிறார், வண்ணம் தீட்டாத கோட்டுப்படம். வண்டிக்குப் பக்கவாட்டிலிருந்து முதலில் இழுக்கிற கோட்டுப்படத்தைச் சொல்ல இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அது புனையா ஓவியம் என்றால், முடிந்து திரையில் ஓடுவது புனையுந்து.

பேருந்து, சரக்குந்து வரிசையில் உந்து பழகிய சொல்தான். புனை என்பது ஐயில் முடிவதால் நடுவே யகரம் வருகிறது. இன்னொரு லாபமும் உண்டு. இது வினைத்தொகை, புனைந்த உந்து, புனைகிற உந்து, புனையும் உந்து என மூன்று காலத்துக்கும் விரியும். விளையாட்டை வெளியிட்ட பிறகும் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் எடையையும் டயர்ப் பிடிப்பையும் மாற்றிக்கொண்டேதான் இருப்போம், இந்த வண்டி முடிந்துபோகிற வண்டியே இல்லை. புனைகார் என்று வைக்கலாமே என்றால், கார் என்றதும் மழைமேகத்தைத் தேடுகிறவர்கள் இந்தக் குழுவிலேயே மூன்று பேராவது இருப்பார்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

தமிழ் வாத்தியாராக இருந்தவள் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். புனை என்றால் நல்லது மட்டுமா? புனைசுருட்டு என்று ஒன்று உண்டே, அதற்குப் பித்தலாட்டம் என்றல்லவா பொருள்! பிள்ளைகள் விளையாடுவதற்குக் கனவுந்து என்று வையுங்கள். கனவு + உந்து, உகரம் கெட்டுப் புணரும், இலக்கணமும் இடிக்காது, காதுக்கும் இனிமை.

சிக்ரியிலிருந்து (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஓய்வு பெற்றவர், காரைக்குடி:

சொல் நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. எனக்கு ஒரு சந்தேகம். திரைக்கென்று வரைந்ததை அப்புறம் நிஜமாகவே செய்துவிட்டால்? 2015இல் புகாட்டி தன் விஷன் கிரான் டூரிஸ்மோவை முழு அளவில் செய்து ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் நிறுத்தியது. அடுத்த வருஷம் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த சிரோன் காரில் அதன் ஜாடை நன்றாகவே தெரியும். அப்போது அது புனையுந்தா, கருத்துருவா?

இன்னொன்று, தம்பிக்கு. மின்கலத்தை வண்டியின் தரைக்கு அடியில் பரப்பி வைத்தது சரி, ஈர்ப்பு மையம் கீழே போகும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் எடையில் அத்தனை நேரம் ஓடுகிற மின்கலம் அடங்காது. விளையாட்டுதானே என்று லித்தியத்தை ஏமாற்றாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து:

ஆச்சி, கனவுந்து எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ‘உங்கள் கனவுக் கார்’ என்று வண்டிக் கடன் விளம்பரத் தட்டிகளில் எழுதி எழுதி அந்தச் சொல்லை வட்டிக்கு விட்டுவிட்டார்கள். அதற்கு இப்போது கடன் வாங்கி வாங்க நினைக்கிற நிஜக் கார் என்றுதான் அர்த்தம். புனைசுருட்டு இருக்கிறது, சரி. புனைந்துரையும் இருக்கிறதே! பாயிரத்துக்கு நன்னூல் சொல்கிற பெயர்களில் அது ஒன்று என்று நீங்கள்தானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தீர்கள்? 1939 முதல் கம்பன் கழகம் நடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, புனைந்ததெல்லாம் பித்தலாட்டம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அண்ணே, உங்கள் கேள்விதான் கடினமானது. எங்கே பிறந்தது என்பதை வைத்துப் பெயர் சொல்லலாம் என்று நினைக்கிறேன். புகாட்டி திரைக்காகப் பிறந்தது, அப்புறம் உடம்பு எடுத்தது. ஆகவே அது புனையுந்து, மேடையில் நின்றது அதன் முழு அளவு உரு. 2022இல் வந்த ஃபெராரியின் விஷன் கிரான் டூரிஸ்மோவும் அப்படித்தான், மாரனெல்லோவிலுள்ள ஃபெராரி அருங்காட்சியகத்தில் முழு அளவில் வைத்தார்கள், ஓட்டுவது என்னவோ விளையாட்டில் மட்டும். நம் நாட்டு உதாரணம் எதிர்த் திசையில் இருக்கிறது. டாடா குழுமம் 2017 ஜெனீவா கண்காட்சியில் காட்டிய டாமோ ரேஸ்மோ சாலைக்கென்று நினைத்த வண்டி. ஃபோர்சா விளையாட்டிலும் வரும் என்று சேர்த்து அறிவித்தார்கள். கடைசியில் சாலைக்கு வரவில்லை. வராததால் அது புனையுந்து ஆகிவிடாது, நிறைவேறாத கருத்துரு.

கோட்டையூரிலிருந்து:

சரி அம்மா. மேடைக்குக் கருத்துரு, சோதனைக்கு முன்மாதிரி, திரைக்குப் புனையுந்து. நான் சொன்ன கருத்துக்காரை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், கருத்துருவை விடமாட்டேன். 2008இல் சிட்ரோயன் கிரான் டூரிஸ்மோகாரர்களோடு சேர்ந்து செய்த வண்டி ஒன்று உண்டு என்று என் பேரன் சொல்கிறான். பாரிஸ் கண்காட்சியிலும் நின்றதாம், விளையாட்டிலும் ஓடியதாம். அதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

காரைக்குடியிலிருந்து:

இரண்டிலும் போடுவேன் ஐயா. ஜிடி பை சிட்ரோயன், ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கும் என்று திட்டமிட்டுச் செய்தது. உங்கள் பேரனை இந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அக்கா, பொத்தானில் போட்டுப் பார்த்தேன், புனையுந்து அடங்குகிறது. பன்மைக்குப் புனையுந்துகள் என்றால் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது, அங்கே எழுத்தளவைக் குறைத்துக்கொள்கிறோம். இறக்கையும் சின்னதாகிவிட்டது. அண்ணன் சொன்னபடி எடையைக் கூட்டியதில் சுற்று நேரம் கூடிவிட்டது, அதைப் பிறகு பார்க்கிறோம். அடுத்தது வண்டி மேல் அடிக்கிற வண்ண வடிவம், லிவரி என்பார்களே, அது. ஆத்தங்குடிக் கல் பூவை வைத்து ஒன்று வரைந்திருக்கிறோம். தேர்வுத் திரையில் அதற்குக் ‘கோலம்’ என்று போட்டால் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?