மெல்லிய பேரல் ரைபிள்: முன்கட்டை மேட்டைத் தேய்த்து எடுக்கலாமா?

கல்கரிவாசி:
வணக்கம். என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய ரெமிங்டன் 700 மவுண்டன் ரைபிள். .270 வின்செஸ்டர், 22 அங்குல மெல்லிய பேரல் (குழல்), அதைத் தாங்கும் கட்டையான ஸ்டாக் வால்நட் மரத்தில். 1986-ல் இந்த மாடல் வந்ததே மலையில் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்காகத்தான், ஸ்கோப் இல்லாமல் ஆறே முக்கால் பவுண்டு. நடக்க அருமை, சுடும்போதுதான் தலைவலி. 100 கஜத்தில் முதல் இரண்டு குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழும், மூன்றாவது ஓர் அங்குலம் மேலே போகும், நான்கும் ஐந்தும் இன்னும் மேலே, கொஞ்சம் வலப்பக்கமாக. ஐந்தைந்து குண்டாக நான்கு குரூப் சுட்டேன், ஒவ்வொன்றிலும் மிகவும் விலகிய இரண்டு துளைகளுக்கு நடுவே சராசரி 2.3 அங்குலம்.

ஸ்டாக்கின் முன்பாகமான முன்கட்டையின் நுனியில், பேரல் உட்காரும் பள்ளத்தில், சின்னதாக ஒரு மேடு விட்டிருக்கிறார்கள். அது பேரலை அடியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து பேரலை ஃப்ரீ ஃப்ளோட் பண்ணிவிட்டு (ஸ்டாக்கைத் தொடாமல் விட்டு), போல்ட் ஓடும் உலோகக் கூடான ரிசீவருக்கு எபாக்சி பெட்டிங் போட்டு (அடியில் எபாக்சி வார்த்து அச்சாகப் படியவைத்து), பேரலையும் 20 அங்குலமாக வெட்டிவிடலாம் என்று இருக்கிறேன். நவம்பரில் மியூல் மான் வேட்டை. மூன்றையும் இந்தக் கோடையிலேயே முடித்துவிடலாமா?

மலையேறி:
தயங்காமல் செய்யுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே காரணம் இருக்கிறது. பேரல் சூடாகும்போது அந்த மேட்டின் அழுத்தம் மாறுகிறது, அழுத்தம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறுகிறது. பேரலை எதுவும் தொடாவிட்டால் மாறுவதற்கு எதுவுமே இல்லை. மழை, பனி, ஸ்லிங் (தோள்வார்) இழுப்பு எதுவும் பேரல் வரைக்கும் போகாது. ஒரு ரூபாய்த்தாள் ரிசீவர் வரைக்கும் தடையில்லாமல் வழுக்கிப் போகிற அளவு இடைவெளி விட்டால் மேலோட்டமாகச் சரி என்பார்கள், மர ஸ்டாக் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விடுங்கள், பை மேல் வைத்து அழுத்திச் சுடும்போது முன்கட்டை வளைந்து பேரலைத் தொட்டுவிடும்.

பெட்டிங்கில் முக்கியமான இடம் ரீகாயில் லக். 700-ல் அது பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் வாஷர் மாதிரி இறுக்கிய தட்டு, உதைப்பு முழுவதையும் மரத்துக்குக் கடத்துவது அதுதான். அதன் பின்முகம் மட்டும் எபாக்சியில் முழுசாக உட்கார வேண்டும். முன்முகம், இரண்டு பக்கம், அடி, இந்த நான்குக்கும் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டு அப்புறம் பெட்டிங் போடுங்கள். இல்லையென்றால் பிறகு ரிசீவரைக் கழற்றவும் முடியாது, திரும்ப மாட்டும்போது ஒரே இடத்தில் உட்காரவும் செய்யாது. எபாக்சி படும் எல்லா உலோகத்துக்கும் மெழுகு பூச மறக்காதீர்கள். மறந்தவர்கள் ஸ்டாக்கை உடைத்துத்தான் எடுத்தார்கள்.

வால்நட்:
பெட்டிங் வரைக்கும் மலையேறியோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த மேட்டில் கை வைக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அது தச்சர் தேய்க்க மறந்து விட்ட மரம் இல்லை, தொழிற்சாலையே வேண்டுமென்று விட்டது. தடித்த பேரல் தன் கனத்தாலேயே அடங்கி நிற்கும். பென்சில் மாதிரி மெலிந்த பேரல் ஒவ்வொரு வெடிப்புக்கும் சாட்டை போல அதிரும், முன்நுனியில் ஒரு தாங்கல் இருந்தால் அந்த அதிர்வு ஓர் ஒழுங்குக்கு வரும். இதே ரகத்தில் .280 தோட்டாவுக்கான ரைபிள் ஒன்று என்னிடம் இருந்தது. ஒன்றரை அங்குலம் கொடுத்துக்கொண்டிருந்ததை, எல்லோரும் சொல்கிறார்களே என்று ஃப்ளோட் பண்ணினேன், மூன்று அங்குலமாக விரிந்துவிட்டது. கடைசியில் தேய்த்தெடுத்த அதே இடத்தில் எபாக்சியால் புதிதாக ஒரு மேடு கட்டினேன், பழைய நிலைக்கு வந்தது. மரத்தைத் தேய்க்க ஐந்து நிமிஷம் போதும். திரும்பக் கட்ட எனக்கு இரண்டு வாரம் ஆனது.

மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் 1980-களில் அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் தொடங்கியபோது என்ன செய்தார்? ஐந்து பவுண்டு அளவிலேயே ரைபிள் கட்டி, பேரலை நுனிவரை ஸ்டாக்கிலேயே படிய வைத்தார். ஃப்ளோட்டே இல்லை. அவை நன்றாகச் சுடும் ரைபிள்கள் என்று ஊரறியப் பெயர் வாங்கியவை.

மலையேறி:
ஃபோர்ப்ஸ் உதாரணம் இங்கே பொருந்தாது. அவருடைய ஸ்டாக் கெவ்லாரும் கிராஃபைட்டும், தண்ணீரில் போட்டாலும் அசையாது. அதோடு அவர் பேரலை மேலே தள்ளவே இல்லை, அழுத்தம் இல்லாமல் படிய மட்டும் வைத்தார். கல்கரிவாசியிடம் இருப்பது மரம், அதிலும் ஒரே இடத்தில் முட்டுக்கொடுத்த மரம். இது வேறு, அது வேறு.

வால்நட்:
சரி, மரம் அசையும் என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய பேரலைச் சும்மா தொங்க விட்டால் போதும் என்ற விதி எங்கேயும் இல்லை என்பதற்குத்தான் அதைச் சொன்னேன். இன்னொன்றையும் கேட்கிறேன். மினிட் ஆஃப் ஆங்கிள் என்ற கோண அளவு 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம்; 300 கஜத்தில் 2 மினிட் என்பது ஆறேகால் அங்குலம், மியூல் மானின் நெஞ்சுப் பகுதி 9, 10 அங்குலம் இருக்கும். வேட்டையில் ஐந்து குண்டு தொடர்ந்து யார் சுடுகிறார்கள்? குளிர்ந்த பேரலிலிருந்து போகும் முதல் குண்டு தினமும் ஒரே இடத்தில் விழுந்தால் போதாதா?

மலையேறி:
பெஞ்சில் ஊன்றிச் சுடும்போது 2 என்றால் மலைச்சரிவில் மூச்சிரைக்க உட்கார்ந்து சுடும்போது 4 ஆகிவிடும். ரைபிளின் பங்கை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு இடம் நம் கை நடுக்கத்துக்குக் கிடைக்கும். மான் காயத்தோடு ஓடி எங்கேயோ போய்ச் சாவதைப் பார்த்தவன் நான், "போதும்" என்ற சொல்லை இதில் சொல்ல எனக்கு வராது.

எண்கணக்கு:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. வால்நட் சொல்லும் ஒன்றரையும் மூன்றும் எத்தனை குரூப்பின் சராசரி? எத்தனை குண்டு? ஒரே ரைபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள், எதுவும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குண்டு குரூப்புகளின் சராசரி 1 அங்குலம் என்றால், ஐந்து குண்டுக்கு அது 1.27 வரும், பத்து குண்டுக்கு 1.58 வரும். குண்டுகளின் எண்ணிக்கையை மாற்றியதாலேயே இவ்வளவு. ஒரே ஒரு மூன்று குண்டு குரூப்பை வைத்து "ஃப்ளோட் பண்ணினேன், பாதியாகிவிட்டது" என்று எழுதுகிறவர்களின் சொல்லை வைத்து யாரும் மரத்தைத் தேய்க்கக் கூடாது. கல்கரிவாசி நான்கு குரூப் சுட்டிருக்கிறார், அது நல்ல தொடக்கம். மாற்றம் ஒன்று செய்தால், அதற்கப்புறமும் அதே நான்கு குரூப், அதே ஐந்து குண்டு, குண்டுக்குக் குண்டு அதே இடைவெளி நேரம். மூன்று வேலையையும் ஒரே மூச்சில் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று அவருக்கே தெரியாது.

வால்நட்:
நியாயமான கேள்வி. ஃப்ளோட் பண்ணிய பிறகு சுட்டது மூன்று குரூப், ஐந்தைந்து. அதற்கு முன்பு எத்தனை என்று குறித்து வைக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

தச்சர்வீடு:
தம்பி கல்கரிவாசி, நான் ஒன்ராறியோவில் நாற்பது வருஷமாக மரவேலை செய்கிறவன், பருவத்துக்கு ஒரு முறை மானுக்கும் போகிறவன். மலையேறி தம்பி சொல்கிற மாதிரி மரம் அசையும், ஓம். ஆனால் எந்த வழியாக அசைகிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் முழுக்க வார்னிஷ் மின்னும், பேரல் பள்ளத்துக்குள் பார்த்தால் வெறும் மரம், சில ஸ்டாக்கில் உதைப்பு ரப்பருக்கு அடியிலும் வெறும் மரம். ஈரம் போய் வருவது அந்த வழியாகத்தான். என்ன முடிவு எடுத்தாலும் உள்ளே பாலியூரித்தேன் மூன்று பூச்சு மெல்லிசாக அடித்துவிடுங்கோ.

மரத்தை எடுக்க முன்னம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ரிசீவருக்கு அடியில், அதை ஸ்டாக்கோடு இறுக்கும் முன் திருகுக்கும் பின் திருகுக்கும் பக்கத்தில், ஒரே தடிப்பில் விசிட்டிங் கார்டுத் துண்டு வையுங்கோ. ரிசீவர் கொஞ்சம் மேலே ஏறும், பேரல் அந்த மேட்டை விட்டு விலகும். அப்படியே போய்ச் சுடுங்கோ. வேண்டாமென்றால் துண்டை எடுத்துவிட்டால் பழையபடி. அந்த மேடு எவ்வளவு தள்ளுகிறது என்றும் அளக்கலாம். போல்ட்டைக் கழற்றி, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலே பார்த்த பிறகு, பேரலைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, முன் ஸ்லிங் வளையத்தில் ஒரு வாளியைத் தொங்கவிடுங்கோ. பேரலுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு. வாளியில் தண்ணீர் ஊற்ற ஊற்ற முன்கட்டை கீழே இறங்கும், காகிதம் வழுக்கி வருகிற நேரத்தில் தண்ணீர் எத்தனை லிட்டரோ அதோடு வாளியின் எடையையும் சேர்த்தால் அத்தனை கிலோ. வழக்கமாக இரண்டரைக்கும் நாலரைக்கும் நடுவே இருக்கும்.

எண்கணக்கு:
இதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) ஒன்றை முன்கட்டையில் பிடித்து அதன் முனையைப் பேரலில் வைத்து, முன் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் ரிசீவர் திருகின் இறுக்கத்தில் வளைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முன்கட்டை அழுத்தம் இருக்கும்வரை அதுவும் முள்ளை நகர்த்தும், அதனால் கார்டுத் துண்டு வைத்த நிலையில் அளந்தால்தான் தெளிவாகத் தெரியும்.

மலையேறி:
கார்டு சோதனையில் ஒரு குறை இருக்கிறது. கார்டு நசுங்கும். நாலைந்து குண்டுக்குப் பிறகு திருகு தளர்ந்திருக்கும். அதில் சுட்டு வரும் குரூப்பை வைத்து ஃப்ளோட்டே மோசம் என்று யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது.

பேரல் வெட்டுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 22-ஐ 20 ஆக்கினால் பேரல் வளைவது சுமார் நாலில் ஒரு பங்கு குறையும், நீளம் × நீளம் × நீளம் என்ற கணக்கு அங்கே வேலை செய்கிறது. ஆனால் .270-க்கு அங்குலத்துக்கு வினாடிக்கு 25 அடி வேகம் போல இழப்பு, சத்தம் காதைப் பிளக்கும், முனையை லேத்தில் வைத்துச் சுத்தமாகக் கிரவுன் (பேரல் வாயின் விளிம்பு) எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். கனடாவில் வெட்டிய பேரல் 457 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம், 20 அங்குலம் என்பது 508, அதனால் சட்டப்படி சிக்கல் இல்லை. ஆனாலும் இதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

வால்நட்:
அதில் நானும் மலையேறி பக்கம்தான். வெட்டாதீர்கள்.

கல்கரிவாசி:
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

தச்சர்வீடு ஐயா சொன்னபடி வாளி கட்டினேன். வாளியோடு சேர்த்து 6 கிலோ தாண்டிய பிறகுதான் காகிதம் அசைந்தது. கார்டு வைத்து மூன்று குரூப் சுட்டேன்: 1.9, 1.7, 2.1. குண்டுகள் மேலே ஏறிப்போவது அடியோடு நின்றுவிட்டது, அந்த அளவில் மலையேறி சொன்னது சரி. ஆனால் முதல் இரண்டு குண்டு தொட்டுக்கொண்டு விழுந்ததும் போய்விட்டது, குளிர்ந்த பேரலிலேயே பக்கவாட்டில் ஓர் அங்குலம் தள்ளி விழுகின்றன. டயல் கேஜில் முள் 0.2 மில்லிமீட்டர் ஓடியது. ரிசீவரைக் கழற்றிப் பார்த்தால் ரீகாயில் லக்கின் பின்முகத்தில் இடது மூலையில் மட்டும் பளபளவென்று ஒரு நகம் அகலத்துக்குத் தேய்மானம், மிச்சம் முழுக்கப் பழைய எண்ணெய்க் கறுப்பு. இத்தனை வருஷம் அந்த மூலையில் மட்டுமே உதை வாங்கியிருக்கிறது.

அதனால் முதலில் பெட்டிங் மட்டும். லக்கையும் ரிசீவரின் பின்பகுதியையும் எபாக்சியில் உட்கார வைத்தேன், ரிசீவர் பழைய இடத்தைவிட ஒரு மயிரிழை உயரமாக நிற்கும்படி. திருகை முறுக்கி இறுக்காமல், ரப்பர் பட்டை சுற்றி இரண்டு நாள் விட்டேன். இப்போது முள் கிட்டத்தட்ட அசையவே இல்லை. மேட்டில் ஒரு தூள் மரம்கூட எடுக்கவில்லை, ரிசீவர் உயர்ந்ததில் அழுத்தம் மட்டும் மூன்று கிலோவுக்கு இறங்கிவிட்டது. உள்ளே மூன்று பூச்சு அடித்தாகிவிட்டது. நேற்று நான்கு குரூப், ஐந்தைந்து, குண்டுக்குக் குண்டு மூன்று நிமிஷம் விட்டு: 1.3, 1.5, 1.2, 1.6.

எண்கணக்கு:
2.3-லிருந்து 1.4, நான்குக்கு நான்கு. இது தற்செயல் இல்லை.

மலையேறி:
வாழ்த்துகள். ஆனால் இது ஜூலை. மூன்று கிலோ என்பது இன்றைய ஈரத்துக்கு மூன்று கிலோ. பூச்சு ஈரத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. நவம்பரில் மைனஸ் இருபதில் அதே வாளியைக் கட்டிப் பாருங்கள், ஜீரோவும் (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழுகிறதா என்று) பாருங்கள், மாறியிருந்தால் என் பக்கம் வாருங்கள்.

வால்நட்:
மாறினால் அப்போது தேய்க்கட்டும், மரம் அங்கேயேதானே இருக்கும். மாறாவிட்டால்?

கல்கரிவாசி:
அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்ததும் ரேஞ்சுக்குப் போகிறேன். ரைபிளை ராத்திரி முழுக்க வெளியே கராஜில் வைத்துவிட்டு, காலையில் ஒரு குண்டு மட்டும், ஐந்து நாள், ஒரே காகிதத்தில். அந்தக் காகிதத்தின் படத்தையும் வாளிக் கணக்கையும் இங்கேயே போடுகிறேன்.