பாமினியில் அடித்தால் முதல் எழுத்து மாறுகிறது, வழி சொல்லுங்களேன்

வேர்டில் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் எழுத்தாகக் காட்டுமே, அது) அடிக்கும்போது வாக்கியத்தின் முதல் எழுத்தை அதுவே கேபிடல் ஆக்கிவிடுகிறது. பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ, சின்ன எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு, அதனால் அம்மா ஆம்மா ஆகிறாள், கடிதம் குடிதம் ஆகிறது. முகுந்தன் என்று அடித்தால் மு, கு இரண்டும் கேபிடல் என்பதால் பிழை என்று நினைத்து இரண்டாவதைச் சின்னதாக்கி முகந்தன் ஆக்குகிறது, கல்யாணப் பத்திரிகையில் இப்படிப் போனால் என்ன ஆகும்!

ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் போய் டிக்கை எடுத்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் அதே கணினியில் ஆங்கிலக் கடிதம் அடிக்கிறவருக்கு அந்த டிக் வேண்டுமாம், திரும்பப் போட்டுவிடுகிறார். ஃபைலுக்கு ஃபைல் தனியாக வைக்க முடியுமா, இல்லை மேக்ரோ ஏதாவது வைத்து ஒரே பட்டனில் ஆன் ஆஃப் செய்யலாமா? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள். அப்புறம், யூனிகோடுக்கு மாறு என்று மட்டும் சொல்லாதீர்கள், அச்சகத்தில் பாமினிதான் கேட்கிறார்கள்.