பள்ளிக்கு வந்த இணையம் வகுப்பறைக்கு வந்ததா? (அனுபவப் பகிர்வு)

வலையமைப்புப் பராமரிப்பாளர்:
உலகின் எல்லாப் பள்ளிகளுக்கும் இணையம் கொடுக்கத்தான் யூனிசெஃப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் கிகா திட்டத்தைத் தொடங்கின. மிகத் தேவையான முயற்சி. ஆனால் 'இணைப்பு உண்டு' என்று படிவத்தில் டிக் அடிப்பது வேறு, மூன்றாவது பீரியடில் கடைசி பெஞ்சில் பக்கம் திறப்பது வேறு.

கணக்கு எளிது. 720பி வீடியோவுக்கு ஏறக்குறைய 2.5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வேகம் வேண்டும். 40 பேர் தனித்தனியாகத் திறந்தால் 100 எம்பிபிஎஸ் லைன் அந்த ஒரு வகுப்போடு தீர்ந்தது. பக்கத்து அறைக்கு எதுவும் மிஞ்சாது. ஆசிரியர் ஒரே திரையில் போட்டால் 2.5-லேயே வேலை முடியும்.

அடிக்கடி பார்க்கும் கோளாறு வேறொன்று. காலையில் எல்லாம் ஓடும். பத்தரை மணிக்கு மேல் 'வைஃபை இணைந்துள்ளது, இணையம் இல்லை' என்று வரும். உடனே லைன் கொடுத்தவரைத் திட்டுவோம். அதற்கு முன் அந்த லேப்டாப்பின் ஐபி முகவரியை (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை, லைன்மேல் பழியில்லை. சாதாரண ரவுட்டர் அமைப்பில் 254 முகவரிகளுக்கு மேல் கிடையாது. பாஸ்வேர்டு வெளியே கசிந்து 300 போன்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை கொடுத்த முகவரியைப் பல ரவுட்டர்கள் 24 மணி நேரம் பிடித்து வைத்திருக்கும், போன் வீட்டுக்குப் போய்விட்டாலும் சரி. இப்படிப் பிடித்து வைக்கும் லீஸ் நேரத்தை 2 மணி நேரமாகக் குறையுங்கள், பாட லேப்டாப்புகளைத் தனி விலேனில் (வலையமைப்புக்குள் பிரித்த தனிப் பகுதி) போடுங்கள், அதற்கு /22 என்ற பெரிய முகவரி வரம்பைக் கொடுங்கள். 1022 முகவரிகள் கிடைக்கும். கருவிகளில் விலேன் வசதி இருந்தால் செலவு எதுவும் இல்லை, அரை மணி நேர வேலை.

வைஃபையில் இன்னொன்று: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அடுத்தடுத்த நான்கு அறைகளுக்கு நான்கு வைஃபை பெட்டி மாட்டினால் குறைந்தது இரண்டு பெட்டிகள் கட்டாயம் ஒரே சேனலுக்கு வரும். வகுப்பறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ்தான் சரி.

கணினி ஆசிரியர்:
மேலே சொன்னதோடு, தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டலையும் (ஃபில்டர்) சேர்க்க வேண்டும். கொள்கை எழுதுபவர்கள் 'தகாத சொற்களைத் தடுக்கவும்' என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். இன்று தளங்கள் பெரும்பாலும் ஹெச்டிடிபிஎஸ், அதாவது பக்கத்தை மறைகுறியாக்கி அனுப்புபவை. வெளியே நிற்கும் ஃபில்டருக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும், பக்கத்துக்குள் என்ன சொல் இருக்கிறது என்று தெரியாது. அதனால் தளத்தை முழுதாக மூடும், இல்லையேல் முழுதாக விடும். இனப்பெருக்க மண்டலப் பாடம் நடத்தும் நாளன்று படத்தோடு சேர்ந்து பாடமும் அடைபட்டு நிற்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த பீரியட் திரும்ப வராது.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை. அதில் பெயரைப் பார்த்துத் தடுக்கும் ஃபில்டரையும் பிரவுசரே தாண்டிவிடும், அந்தக் கேள்வியை மறைத்து வேறு சர்வருக்கு அனுப்பும் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' பிரவுசரில் இயங்கினால். பள்ளிக் கணினிகளில் அந்த அமைப்பை நிர்வாகக் கணக்கிலிருந்தே அணைத்துப் பூட்டுங்கள்.

அமெரிக்காவில் 2000-ல் வந்த சிறார் இணையப் பாதுகாப்புச் சட்டம், அரசுச் சலுகையில் இணையம் பெறும் பள்ளிகளுக்கு ஃபில்டரைக் கட்டாயமாக்கியது. ஆனால் முறையான ஆய்வுத் தேவைக்குப் பெரியவர்களுக்காக அதை நீக்கிக்கொள்ள அதே சட்டத்தில் இடம் உண்டு. தடையைப் பற்றி எழுதும் எந்தக் கொள்கையிலும் இந்த இரண்டாம் பாதி இருந்தே ஆக வேண்டும்: யார் திறக்கலாம், எத்தனை நிமிடத்துக்குள். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி மூன்று நாள் காத்திருப்பது திறப்பு ஆகாது. ஆசிரியர் கணக்குக்கு 45 நிமிட அனுமதி கொடுத்து, திறந்த தளத்தைப் பதிவில் வைத்தால் போதும்.

ஆஃப்லைன் சர்வர் வைத்திருப்பவர்:
லைன் நம்பகமாக இல்லாத பள்ளியில் கிவிக்ஸ் (இணையம் இல்லாமலே தளங்களைப் படிக்க உதவும் மென்பொருள்) போட்ட சிறு கணினி ஒன்று விக்கிப்பீடியாவை உள் வைஃபையிலேயே கொடுக்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் மெமரி கார்டுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு குழம்பிவிடும். கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி என்னும் உறுதியான சேமிப்பகத்தைப் போடுங்கள், இல்லையென்றால் கார்டில் எதுவும் எழுதாமல் வாசிக்க மட்டும் முடியும்படி அமையுங்கள்.

கணினி ஆசிரியர்:
நன்றி சார். புதிய லைனைச் சோதிக்க ஒரு வழி: ஒரு வகுப்பின் எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் ஒரே பாடப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 10 விநாடிக்குள் திறந்தவர்கள் கை தூக்கட்டும். அந்த எண்ணிக்கையைப் படிவத்தில் எழுதுங்கள், ரவுட்டர் பக்கத்தில் நின்று எடுத்த வேக அளவை அல்ல.