ஊர்ப்புற வயலில் நகரத்துக் கசடு: மறுசுழற்சியா, சுமை மாற்றமா?

கிணற்றடி:
நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்த பின் அடியில் தங்கும் கசடைக் கிராமத்து வயலில் இறைப்பதற்கு மறுசுழற்சி என்று பெயர். அமெரிக்காவில் கசடைக் கடலில் கொட்டுவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1992-இல் அது முழுதும் நின்றது. அதே ஆண்டு நியூயார்க்கின் கசடு ரயிலேறி டெக்சாஸின் சியரா பிளாங்கா என்ற சிற்றூருக்குப் போகத் தொடங்கியது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி ஏழைகள். 2001 வரை இது நடந்தது. கசடில் சத்து இருக்கிறதா என்று கேட்கும் முன், அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்க வேண்டும்.

செரிகலன்:
சியரா பிளாங்காவில் நடந்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதை வைத்து முறையையே தள்ளிவிட முடியாது. 1993-இல் வந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 503 விதி கசடை இரண்டு வகுப்பாகப் பிரிக்கிறது. ஏ வகுப்பில் ஒரு கிராம் உலர் கசடுக்கு மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) எண்ணிக்கை 1000-க்குக் கீழே இருக்க வேண்டும். மக்க வைத்து அதை எட்ட, மூடிய கலனில் 55 டிகிரி செல்சியஸில் 3 நாள், அல்லது திறந்த வரப்புக் குவியலில் அதே சூட்டில் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். பி வகுப்பில் 20 லட்சம் வரை விடலாம். அதனால்தான் காத்திருப்புக் காலம்: மேய்ச்சலுக்கு 30 நாள், மண்ணைத் தொடும் காய்களுக்கு 14 மாதம், கிழங்குகளுக்கு 20 அல்லது 38 மாதம். நீர்நிலையிலிருந்து 10 மீட்டர் தள்ளித்தான் இறைக்க வேண்டும்.

கிணற்றடி:
அந்த 30 நாளும் மாடு வராமல் பார்ப்பது யார்? விதி நில உரிமையாளருக்கோ குத்தகைதாரருக்கோ தகவல் தரச் சொல்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்குச் சொல்லச் சொல்லவில்லை. இலவச உரம் ஒருவருக்கு. நாற்றமும் கிணற்றைப் பற்றிய பயமும் அடுத்தவருக்கு.

நாற்றம் சின்ன விஷயமில்லை. கசடில் சுண்ணாம்பு கலந்து கிருமியை அடக்கும் முறையில் பி.எச் 12-ஐ 2 மணி நேரம் காக்க வேண்டும், அடுத்த 22 மணி நேரம் 11.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. கலவை சரியாக விழாவிட்டால் கட்டிகளின் உள்ளே சுண்ணாம்பு போய்ச் சேராது. வெளியே அளந்தால் 12 காட்டும். குவித்து வைத்து மழை பட்டதும் பி.எச் இறங்கும், அடங்கியிருந்த கிருமி மறுபடி பெருகும், வயலில் கொட்டும்போது வீச்சம் கிளம்பும்.

செரிகலன்:
உண்மைதான். வேகமான மையவிலக்கியில் நீர் பிரித்த கசடிலும் பாக்டீரியா எண்ணிக்கை திரும்ப ஏறுவதுண்டு. அதற்கு மருந்து, நிலையத்து வாசலில் எடுத்த மாதிரியோடு நிறுத்தாமல் லாரி இறக்கும் இடத்திலும் மாதிரி எடுப்பது. குவியலின் பல இடங்களில், மேல்தோலை விலக்கி உள்ளிருந்து எடுத்துக் கலக்க வேண்டும். இது திருத்தக்கூடிய கோளாறு.

மண்புழு:
குறுக்கிடுகிறேன். அதிகம் பிழை நடப்பது அளவில். ஒரு கணக்கு போடுவோம்.

உலர் கசடு டன்னுக்கு மொத்தத் தழைச்சத்து 50 கிலோ என்று கொள்வோம். அதில் அம்மோனியம் 10, கரிம வடிவம் 40. காற்றில்லாமல் செரித்த கசடில் கரிமப் பங்கு முதல் ஆண்டில் சுமார் 20 சதவீதம்தான் பயிருக்கு விடும், அதாவது 8 கிலோ. மேலாக இறைத்து விட்டால் அம்மோனியத்தில் பாதி காற்றில் போகும், மிஞ்சுவது 5. ஆக டன்னுக்கு 13 கிலோ. பயிருக்கு எக்டேருக்கு 120 கிலோ தேவை என்றால் சுமார் 9.2 டன். உடனே மண்ணில் மூடி உழுதால் டன்னுக்கு 18 கிலோ கிடைக்கும், 6.7 டன் போதும்.

இந்த டன் எல்லாம் உலர் எடை. லாரியில் வருவது 20 சதவீதத் திடப்பொருள் கொண்ட ஈரக் கசடு, 9.2 டன் என்பது அங்கே 46 டன். எடைச்சீட்டில் உலர், ஈரம் என்று எழுதாமல் விட்டால் தவறு ஐந்து மடங்கு. இரண்டாம் ஆண்டிலும் அதே 9.2 டன் போடுவது இன்னொரு தவறு. மிச்சக் கரிமத்தில் பத்தில் ஒரு பங்கு அப்போது விடுபடும், எக்டேருக்கு ஏறக்குறைய 29 கிலோ. அதைக் கழிக்காவிட்டால் உபரி நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்கும்.

பாஸ்பரஸ் இதைவிட மோசம். கசடில் 2.5 சதவீதம் இருந்தால் 9.2 டன்னில் 230 கிலோ. ஒரு தானியப் பயிர் எடுத்துச் செல்வது 20–30 கிலோ. தழைச்சத்தை வைத்து அளவு போட்டால், எட்டு முதல் பதினோரு ஆண்டுக்கான பாஸ்பரஸை ஒரே தடவையில் கொட்டுகிறோம்.

செரிகலன்:
பாஸ்பரஸை அளவுகோலாக வைக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். அப்படியானால் நிலம் பல மடங்கு தேவை, இன்னும் அதிக ஊர்கள். மாற்று வழிகளையும் பாருங்கள். குப்பைக் கிடங்கில் புதைத்தால் மீத்தேன். அதன் கசிவுநீர் பெரும்பாலும் அதே சுத்திகரிப்பு நிலையத்துக்கே திரும்புகிறது. எரிப்பு ஆலைக்கும் புகைபோக்கி உண்டு, அதன் கீழேயும் மக்கள் உண்டு. மெயின் மாநிலம் 2022-இல் வயலில் இறைப்பதைத் தடை செய்தபின் இடமில்லாமல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்குக்குக் கசடை அனுப்பினார்கள். தடையும் சுமையை இடம் மாற்றத்தான் செய்தது.

கிணற்றடி:
மெயின் ஏன் தடை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிஃபாஸ் எனப்படும், எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள். கசடைச் செரிக்க வைக்கும் கலனோ உரக்குவியலோ அவற்றை அழிப்பதில்லை. அவற்றாக மாறும் முன்னோடிச் சேர்மங்கள் சிதைந்து, வெளியே வரும் கசடில் அளவு கூடவும் செய்யும். வேதிப்பொருள்களில் 503 விதி வரம்பு வைத்திருப்பது காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களுக்குத்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட வரைவு மதிப்பீட்டில், பிஃபாஸ் வகையான பி.எஃப்.ஓ.ஏ அல்லது பி.எஃப்.ஓ.எஸ் கசடில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே சில சூழல்களில் ஆபத்து ஏற்கத்தக்க அளவைத் தாண்டலாம் என்றிருக்கிறது. யாருக்கு? அந்த நிலத்தில் அல்லது அருகே வாழ்ந்து, அதன் பாலையும் முட்டையையும் தண்ணீரையும் நம்பியிருப்பவர்களுக்கு. கசடை அனுப்பிய நகரத்தாருக்கு இல்லை. அநீதி என்று நான் சொல்வது இதைத்தான்.

செரிகலன்:
அதற்கு விடை வயலில் இல்லை, குழாயின் மறுமுனையில். மிச்சிகன் 2018 முதல் முலாம் பூசும் ஆலைகள் போன்றவற்றைத் தேடி, சாக்கடைக்கு விடும் முன்பே வடிகட்ட வைத்தது. பல நிலையங்களில் பி.எஃப்.ஓ.எஸ் பெருமளவு இறங்கியது. சுத்தமான கசடு சாத்தியம்.

மண்புழு:
இறங்கியது சரி, நூறு கோடியில் ஒன்றுக்கு இறங்கவில்லை. மிச்சிகன் 2021-இல் வயலுக்கு அனுப்பத் தடையாக வைத்த எல்லையே நூறு கோடியில் 150. ஒரே பொருளுக்கு இரண்டு எண்ணும் இவ்வளவு தள்ளி இருக்கும்போது, இறைக்கும் முன் கிணற்றிலும் மண்ணிலும் அடிப்படை மாதிரி எடுத்து வைக்காத ஊர் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. மாதிரிக்கு டெஃப்ளான் மூடி வேண்டாம், ஹெச்.டி.பி.இ என்ற பிளாஸ்டிக் புட்டி வேண்டும். டெஃப்ளான் மூடியில் இருக்கும் பிஃபாஸே மாதிரியைக் கெடுக்கும்.

கிணற்றடி:
அந்தச் சோதனைக்கு அனுப்புகிறவர் பணம் கட்டட்டும், மாதிரியை ஊர் எடுக்கட்டும். முடிவு வரும் வரை லாரி வரக் கூடாது. பக்கத்து வீட்டார் எழுத்தில் ஒப்பாவிட்டால் அந்த வயலுக்கு இறக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் சம்மதமா?

செரிகலன்:
முதல் இரண்டுக்கும் சம்மதம். மூன்றாவது நடைமுறையில் நிற்காது. கசடு தினமும் வருகிறது. மழைக்காலத்தில் வயல் திறக்காது, பல நிலையங்களில் சேமிக்க இடம் சில வாரத்துக்குத்தான். ஒரு வீடு மறுத்தால் தொட்டி நிரம்பி, சுத்திகரிக்காத நீரே ஆற்றில் வழியும்.

கிணற்றடி:
அப்படியானால் ஆறு மாதக் கசடு தாங்கும் கூரையிட்ட கொட்டகை கட்டுங்கள். அது நகரத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கட்டும்.