புண் சின்னது, வலி பெரிது: சதை அழுகல் நோயைப் பார்த்தவர்கள் பகிரலாம்

திரியைத் தொடங்கியவர்

அம்மாவுக்கு 61 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. போன ஐப்பசியில் கெளுத்தி ஆயும்போது முள் வலது கையில் குத்திவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். மறுநாள் மாலை கை லேசாகச் சிவந்து வீங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் போர்வை நுனி பட்டாலே கத்தினார். இரண்டு பிரசவத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர் என்று பாட்டி சொல்வார். அவர் கத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்துக் கிளினிக்கில் செல்லுலைட்டிஸ் (தோலில் வரும் கிருமித் தொற்று) என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரவு பத்து மணிக்குச் சிவப்பின் ஓரமாகப் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். பன்னிரண்டு மணிக்குக் கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை ஏறியிருந்தது. புறங்கையில் கத்தரிப்பூ நிறத்தில் கொப்புளம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சர்ஜன் கையை அழுத்திப் பார்த்தார். "நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் மாதிரி இருக்கு. தோலுக்கு அடியில இருக்கிற சவ்வு வழியா கிருமி ஓடுது. அங்க ரத்த ஓட்டம் போச்சுன்னா மருந்தும் போய்ச் சேராது. இப்பவே திறக்கணும், கையை எடுக்கவும் வேண்டி வரலாம்" என்றார். மாமா, "ஸ்கேன் எடுத்துட்டு காலைல முடிவு பண்ணலாமே சார்" என்றார். "காலைக்குள்ள தோள் வரைக்கும் ஏறிடும்ங்க." கையெழுத்துப் போட்டேன். அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட அந்தக் கால் மணி நேரம் இன்னும் உறுத்துகிறது.

உள்ளே கெட்டியான சீழே இல்லையாம், கழுநீர் மாதிரி கலங்கல்தான். விரலை விட்டாலே சவ்வு பிரிந்து வந்ததாம். முழங்கை வரை செத்த சதையை அகற்றினார்கள். 24 மணி நேரத்தில் மறுபடி தியேட்டர், இரண்டு நாள் கழித்து மூன்றாவது முறை. நடுவில் ஐசியு: இறங்கிய பிரஷருக்கு நோர்அட்ரினலின், சர்க்கரைக்கு இன்சுலின் சொட்டு, கிருமிக்கு மெரோபெனம், வான்கோமைசின், கூடவே கிளிண்டாமைசின். கடைசி மருந்து எதற்கு என்று கேட்டேன். கிருமி விஷம் சுரப்பதை அது அடக்குமாம். அப்புறம் புண்ணில் ஊறும் நீரை மெஷினால் உறிஞ்சும் வாக் டிரெஸ்ஸிங், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டு. 38 நாள். கை இருக்கிறது.

ஐசியு செவிலியர்

கோடு போட்டீர்கள் பாருங்கள், அதைப் படித்துத்தான் எழுத வந்தேன். நாங்களும் அதைத்தான் செய்வோம். சிலர் ஹைபர்பேரிக் ஆக்சிஜன் (அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜன் கொடுப்பது) இருக்கிற ஊருக்கு நோயாளியைக் கொண்டுபோகக் கேட்கிறார்கள். அதற்கு இன்னும் உறுதியான ஆதாரம் இல்லை. கொடுத்தாலும் துணைக்குத்தான், அதற்காக ஆபரேஷனைத் தள்ளவே கூடாது. இன்னொன்று சாப்பாடு. முட்டை கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்று வெறும் கஞ்சியோடு வருவார்கள். அவ்வளவு பெரிய காயத்தில் வழிகிற நீரோடு புரதமும் போய்விடும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை முட்டை கொடுங்கள்.

52 வயது, ஆண்

எனக்கு வந்தது வெளியே சொல்லக் கூச்சமான இடத்தில். கட்டி என்று மனைவியிடம் சொல்லி மூன்று நாள் ஓட்டிவிட்டேன். இதே நோய் பிறப்புறுப்புப் பக்கம் வந்தால் ஃபோர்னியர் கேங்கிரீன் என்று பெயர். 1883-இல் அதை விவரித்த பாரிஸ் மருத்துவரின் பெயராம். மலம் புண்ணில் படாமல் இருக்க வயிற்றில் வழி வைத்தார்கள், ஐந்தாவது மாதம் மூடினார்கள். நான் சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வகை மாத்திரைகளால் அரிதாக இது வரலாம் என்று 2018-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். அந்த இடத்தில் வலியோ வீக்கமோ என்றால் அன்றைக்கே காட்டுங்கள்.

திரியைத் தொடங்கியவர்

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் முழுதாக மடங்கவில்லை. பிசியோதெரபியில் பிடித்து அழுத்தப் பந்து கொடுத்தார்கள். அவர் அதை அலமாரியில் வைத்துவிட்டுத் தினமும் சப்பாத்தி மாவு பிசைகிறார்.