கடையில் பார்த்த ரோசா நிற மீன், வாங்கலாமா?

வெள்ளவத்தை வாசி:
நேற்று வேலை முடிந்து வரும் வழியில் ஒரு அலங்கார மீன் கடைக்குள் சும்மா எட்டிப் பார்த்தேன். மூலைத் தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு மீன், உடம்பு ரோசா, முகம் தோடம்பழ நிறம், செட்டையில் கத்தரிப்பூச் சாயல், அவ்வளவு வடிவு. 'ரூப்ரிஸ்குவாமிஸ்' என்று எழுதி ஒட்டியிருந்தது. மாலைதீவு ஆழ்கடல் மீனாம். என் தொட்டி 200 லீற்றர், மூடி இல்லை, லைற் கொஞ்சம் கூடுதல். தாக்குப்பிடிக்குமா? விலையை எழுதவில்லை, மனிசியும் இதை வாசிப்பாள்.

உப்புத்தண்ணி:
பேரே பிழை. ரூப்ரிஸ்குவாமிஸ் என்பது மாலைதீவுக்குத் தெற்கே சாகோஸ் தீவுகளில் பிடித்த ஒரேயொரு குஞ்சை வைத்து எப்போதோ வைத்த பெயர், மாலைதீவு மீனும் அதுதான் என்று பல வருசம் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் ஆணின் நிறம், செதில் எண்ணிக்கை, முதுகுச் செட்டை முள்ளின் உயரம் எல்லாம் ஒத்துப்பார்த்து 2022 இல் தனி இனமாகப் பிரித்து 'சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா' என்றார்கள். ஃபினிஃபென்மா என்றால் மாலைதீவு மொழியான திவேஹியில் ரோசாப்பூ, அந்த நாட்டின் தேசிய மலர். விவரித்தவர்களில் அஹ்மத் நஜீப் மாலைதீவுக்காரர். பேர் வைக்க முன்னமே கடைகளில் விற்றுத் தள்ளிவிட்டார்கள், அதுதான் எனக்கு உறுத்தல்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
தம்பி, ஆழ்கடல் என்பது கடைக்காரரின் கதை. பவளப் பாரின் சரிவில் 40 முதல் 70 மீற்றர் வரை இருக்கும். அங்கே சிவப்பு வெளிச்சம் போய்ச் சேராது, அதனால் இந்த ரோசா நிறம் அங்கே மங்கித்தான் தெரியும். லைற்றைக் குறையுங்கள், ஒளிந்துகொள்ளக் கல் வையுங்கள். மூடி கட்டாயம், இந்த வகை எல்லாமே பாயும். என்னிடம் இருந்த ஒன்றை ஒரு காலையில் ஃபிரிஜுக்குப் பின்னால் கருவாடாகத்தான் எடுத்தேன், எறும்பு மொய்த்திருந்தது. இரவில் சளியால் கூடு கட்டிப் படுக்கும், அதைப் பார்த்து நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள்.
வாங்க முன்னம் நீந்துவதைக் கவனியுங்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே இழுத்தால் காற்றுப்பை உப்பிவிடும், பிறகு நேராக நிற்க முடியாமல் தத்தளிக்கும். உங்கள் முன்னால் இறால் போடச் சொல்லுங்கள், தின்னாவிட்டால் திரும்பி வாருங்கள்.

வெள்ளவத்தை வாசி:
நன்றி அண்ணா. இன்று மத்தியானம் போனேன். வால் மேலே தூக்கியபடி, கீழே இறங்கப் பார்க்கிறது, முடியவில்லை. இறால் மூக்கடியால் போகிறது, திரும்பியும் பார்க்கவில்லை. கடைக்காரப் பெடியன் பயணக் களைப்பு என்கிறான். வாங்கவில்லை, மூடிக்கு வலை மட்டும் வாங்கி வந்தேன்.