நம்ம சென்னையில் ஆறு, ஏரி, கிணறு: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

எர்ணாவூர்வாசி:
மிக்ஜாம் புயல் எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் பட்டை. ஆனால் இன்றைக்கும் மனதை அறுப்பது எண்ணூர் முகத்துவாரத்தில் பார்த்த காட்சிதான். தெரிந்த அண்ணன் ஒருவர் படகில் குந்தியபடி பிளாஸ்டிக் மக்கால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார். கையுறை இல்லை. முழங்கை வரை தார் மாதிரி. "ஏண்ணா, கம்பெனி ஆளுங்க வரட்டுமே" என்றேன். "அதுவரைக்கும் இறால் குஞ்சு உயிரோட இருக்குமாடா? அது வளர்றதே இங்கதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி மொண்டார்.

துரைப்பாக்கம் 2015:
எங்களுடையது ஒக்கியம் மடுவு கதை. தெற்குப் பக்கத்துப் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, மடுவு என்கிற அந்த வாய்க்கால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடல் சேர வேண்டும். 2015 வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். தெருவில் ஒரு தெர்மாகோல் பெட்டி மிதந்தது. காலையில் எங்கே இருந்ததோ சாயங்காலமும் அங்கேயே. மழை விட்டும் தண்ணீருக்குப் போக வழியில்லை. அந்தப் பெட்டி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கிணற்றுப் பிரியர், பெசன்ட் நகர்:
துரைப்பாக்கம் நண்பரே, கோபப்படாதீர்கள். சதுப்பு நிலத்தில் வீடு கட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

என் அனுபவம் சின்னது. 2019, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். எங்கள் போர்வெல்லில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. அதே தெருவில் பழைய திறந்த கிணறு வைத்திருந்த பாட்டி வீட்டில் மட்டும் நல்ல தண்ணீர். கேட்டவர்களுக்கெல்லாம் குடம் குடமாகக் கொடுத்தார்.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். மழைநீர் சேகரிப்பை 2003இலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள், ஆனால் பாதி வீடுகளில் குழாய் மட்டும்தான் இருக்கிறது, குழி மூடிக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடியைப் பெருக்குங்கள். முதல் மழையை வெளியே விடுங்கள், தூசியும் பறவை எச்சமும் அதில் போய்விடும். அடுத்த மழையை ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்குங்கள். அந்த மணலை வருடம் ஒருமுறை எடுத்துக் கழுவிப் போடாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பழைய கிணறு இருந்தால் தயவுசெய்து மூடாதீர்கள், குப்பையும் கொட்டாதீர்கள். முற்றம் முழுக்க சிமென்ட் போடாதீர்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறது. உறிஞ்சிக்கொண்டே இருந்தால் கீழே இருப்பது மேலே வரும், பிறகு அதை இறக்குவது பெரும்பாடு.

துரைப்பாக்கம் 2015:
சார், உங்களுக்கு மணல், ஊற்றினால் இறங்கும். இங்கே களிமண், எவ்வளவு குழி வெட்டினாலும் நிரம்பி நிற்கும். வீடு வாங்கும்போது அனுமதி, பத்திரம், வங்கிக் கடன் எல்லாம் சரியாகவே இருந்தது. சதுப்பில் நாங்கள் மட்டுமா இருக்கிறோம்? பெருங்குடிக் குப்பைமேடும் அதன் மேல்தான் எழுந்தது. 2022இல் பள்ளிக்கரணையை ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள், சந்தோஷம். ஆனால் மடுவு அகலமாகத் திறந்திருந்தால்தான் எங்கள் தெரு வடியும். கிணறு வேறு பிரச்சினை, வடிகால் வேறு பிரச்சினை.

கிணற்றுப் பிரியர், பெசன்ட் நகர்:
களிமண் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளம் தூர்வாரினால் உங்கள் பக்கமும்...

எர்ணாவூர்வாசி:
இரண்டு பேரும் தெற்கிலேயே நிற்கிறீர்கள், வடக்குக்கும் கொஞ்சம் வாருங்கள். எண்ணெய்க்குப் பிறகு எண்ணூர் மீன் என்று சொன்னாலே சந்தையில் வாங்க மறுத்தார்கள். அந்த அண்ணன் வலையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனார், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார். கழிமுகத்து இறாலை சமீபத்தில் யாராவது வாங்கிச் சமைத்தீர்களா? எண்ணெய் வாடை இருந்ததா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள், அவரிடம் சொல்ல வேண்டும்.